முன்னால் போட்ட கோடு

அன்பு மகள் ஃபர்ஹானாவுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நாங்கள் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்று நீ போனை வைத்ததிலிருந்து உன்னைப் பெற்ற அத்தா ஒரு வாய் சோறு இறக்கவில்லை. பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி அத்தாவிடம் கொடுக்கிறேன். முழுசாகப் படி.

போன மாதம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய கோல்ஃப் போட்டியில் எத்தனையோ ஆம்பளைகளைத் தாண்டி மூன்றாவதாக வந்தாய். அது பொறுக்காமல் என் அண்ணன் மகன் முஸாஃபர் குடும்ப வாட்ஸப்பில், "பொம்பளைகளுக்கு மட்டும் பந்தை அடிக்கிற கோட்டைக் குழிக்குக் கிட்ட, முன்னால போட்டுக் குடுக்குறாக, அப்புறம் ஜெயிக்க என்ன" என்று பேசிப் போட்டான். அவன் கிடக்கிறான், மட்டை பிடிக்கத் தெரியாத பய. அதற்காக வருகிற வாரக் கலப்புப் போட்டியை விட்டுவிட்டு, அதே நாளில் நடக்கிற ஆம்பளைகள் போட்டியில் அவர்கள் கோட்டிலேயே நின்று அடித்துக் காட்டப் போகிறாயாமே? கலப்புப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருடம் ஆட இடம் என்று நீதானே சொன்னாய்? துபாயில் கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டுகிற வேலை பார்த்துக்கொண்டே அத்தா பழக்கிவிட்ட ஆட்டமடி இது. பேர் கொடுக்க நாளைதான் கடைசி என்கிறாய், அதான் இன்றே எழுதுகிறேன்.

அந்தக் கோடு சலுகையா என்று அத்தாவிடமே கேட்டேன். "ஆளுக்குத் தக்கன தூரம் வைக்கிறாக, பந்தைக் குழியில போடுறது அவ கைதானே" என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாது. இன்று காலையும் தண்ணி லாரி தெருமுனையோடு நின்றுவிட்டது. முஸாஃபர் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் அவனைப் பெற்ற மதினியும் இடுப்பில் குடத்தோடு அவனைத் தாண்டித்தான் வந்தோம். எங்களுக்காக லாரியை நாலு வீடு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. ஆயுசுக்கும் எங்களுக்கு எவரும் எந்தக் கோட்டையும் முன்னால் போட்டுத் தந்ததில்லை. உனக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். வெட்கப்படாமல் அதில் போய் நில்லும்மா.

வெறும் வயிற்றோடு மைதானத்துக்குப் போகாதே, காதை மூடிக்கொள். உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் தருவான். படித்ததும் ஒரு வார்த்தை போடு, அத்தாவுக்குச் சோறு போட வேண்டும்.

உன் அம்மா,
சபுரா பீவி
வீரசோழன்