தாடிக்குள் இருந்த உங்கள் முகம்

அப்பா,

இன்று மேசை மேல் உங்களுடைய இரண்டு படங்கள் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் பாளையங்கோட்டை ஸ்டூடியோவுக்குப் போய் நான்தான் வாங்கி வந்தேன். கவரைத் திறந்ததும் புதுப் படத்தின் மருந்து வாசம் குப்பென்று ஏறியது. இரண்டிலும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் அதே கண்கள். ஒன்றில் தாடி இருக்கிறது. மற்றதில் இல்லை. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார்.

நாளை உங்களுக்கு முதல் திதி. முன்னறைச் சுவரில் பெரியப்பா அடித்த ஆணி இன்னும் வெறுமனே நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆணியைப் பார்ப்பார்கள், அப்புறம் எங்களைப் பார்ப்பார்கள். தாடி வைத்த அப்பாவா, தாடி இல்லாத அப்பாவா என்று அம்மாவும் நானும் ஒரு வருடமாக முடிவு செய்ய முடியாமல் இருந்தோம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

தாடி இல்லாத உங்களை எனக்குத் தெரியாது. என் நினைவு தொடங்கும் இடத்திலேயே தாடி இருக்கிறது. அதில் தேங்காயெண்ணெயும் டீசலும் சேர்ந்து மணக்கும். அறுப்புக் காலத்தில் வைக்கோல் துணுக்கு ஏதாவது மாட்டியிருக்கும். நான் எடுத்து உங்கள் கையில் தருவேன். நீங்கள் அதை ஏதோ விலை உயர்ந்த பொருள் போல வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள்.

காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை உங்கள் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போவீர்கள். சீவலப்பேரி பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் முன்னால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். பின்னால் தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும். பேச்சியக்காவின் குரல் அந்தச் சத்தத்தையும் மீறி வரும்.

"அண்ணாச்சி, நாத்து முடி கட்டக் கயிறு பத்தல. உங்க தாடில நாலு இழை குடுத்தா சோலி முடிஞ்சிரும்."

"களை பறிக்கிற கைய இங்கன கொண்டாராத தாயி. வேரோட வந்துரும்."

வண்டியே குலுங்கும்படி சிரிப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது இருந்தால் இந்தச் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி வரும். "என்ன அண்ணாச்சி, வீட்ல விசேசமா? மைனி முழுகாம இருக்காவளோ?" நம் பக்கத்தில் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி வைக்க மாட்டான். பிள்ளை பிறந்த பிறகுதான் மழிப்பான். அதனால் கல்யாணமான ஆண் தாடியோடு நின்றால் பெண்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். அந்தக் கேள்வி வந்தால் மட்டும் நீங்கள் கியரை மாற்றுவீர்கள்.

"அப்பா, ஏன் எடுக்கவே மாட்டேங்கீங்க?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"எடுக்க நேரம் வரலட்டி" என்பீர்கள். வேலை அதிகம் என்று சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அப்படிப் புதிதாக வந்த ஒரு அக்கா, மறுநாள் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்க வீட்டுக்கு வந்தார். அம்மா முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "எத்தன மாசம் மைனி?" என்றார்.

"என்னது எத்தன மாசம்?"

"இல்ல, அண்ணாச்சி தாடி விட்டிருக்காவல்லா, அதான் கேட்டேன்."

அம்மா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த அக்கா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?" என்றார். நீங்கள் வந்ததும் அதை ஒரு வேடிக்கை போல உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுக்களை வாசல் வரைக்கும் போனீர்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கால் கழுவப் போகிறவர் போலத் திரும்பி வந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு நெஞ்சு வலித்தது வயல் ஓரத்தில். பெண்கள்தான் உங்களைத் தூக்கி உங்கள் வண்டியிலேயே படுக்கவைத்து, ரோட்டில் வந்த ஒருவரைப் பிடித்து ஓட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உங்கள் தலை பேச்சியக்காவின் மடியில் இருந்ததாம். "தாடியெல்லாம் சேறு. தொடச்சுக்கிட்டே வந்தேன். தொடச்சா கண்ண முழிச்சிருவாவன்னு ஒரு கோட்டித்தனம் எனக்கு" என்று பேச்சியக்கா இப்போதும் சொல்லி அழுவார்.

உங்களைக் குளிப்பாட்டும் முன் முடி வெட்டுகிறவர், "முகம் மழிக்கணுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லும் முன், மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "எடுத்திருங்க" என்றாள். அழுது அழுது கம்மிப்போன குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அத்தை எழுந்துவிட்டாள்.

"எத்தன வருசமா ஆசையா வச்சிருந்தான் என் தம்பி! போற அன்னைக்கு அத எடுக்கச் சொல்லுதியே, உனக்கு என்ன மனசு? அது அவன்கூடயே போவட்டும்."

நீங்கள் தாடியோடுதான் போனீர்கள். அத்தை சொன்னதுதான் சரி என்று எனக்கு அன்று பட்டது.

பிறகு படம் போடும் பேச்சு வந்தது. அம்மா, "எனக்குத் தாடி இல்லாத படம் வேணும்" என்றாள். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். தாடி இல்லாத படத்துக்கு நான் எங்கே போவேன்? கல்யாண ஆல்பத்திலும் பழைய லைசென்ஸிலும் மட்டும்தான் இருக்கிறது. ஆல்பத்தில் எல்லாவற்றிலும் அம்மா உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். உயிரோடு இருக்கிறவர் நிற்கும் படத்துக்கு மாலை போட முடியாது. உங்களை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்றேன். "அவிய கைய என் கை பிடிச்சிருக்கு. எத வெட்டப் போற?" என்று ஆல்பத்தைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள். லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகளாகச் சிதறியது.

ஒரு தாடியை ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பிடிக்காமல் போகுமா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். நான் படித்த கதைகளில் தாடி வைத்தவர்கள் முனிவர்கள், இல்லாவிட்டால் காதலில் தோற்றவர்கள். நன்றாகச் சாப்பிட்டு, சுருதி சேராமல் பாடிக்கொண்டு வண்டி ஓட்டும் உங்களை இரண்டிலும் சேர்க்க முடியவில்லை. புத்தகத்தில் விடை இல்லாததால் பெண்களிடமே கேட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஒன்று பிடித்துக்கொண்டால் நான் விடமாட்டேன்.

என் தோழியின் அக்கா நர்சிங் படிக்கிறார். டவுன் பஸ்ஸில் கேட்டதும் வெட்கமே படாமல், "எனக்குத் தாடி இருந்தாத்தான் பிடிக்கும். இல்லன்னா உரிச்ச கோழி கணக்கா இருக்கும்" என்றார். முன் சீட்டில் இருந்த மழித்த முகத்து மாமா ஒருவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தோம்.

பேச்சியக்கா முதலில் சிரித்தார், பிறகு தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். "எங்க வீட்டு மனுசன் நாடியில கறுப்பு தட்டுச்சுன்னா, குடிக்கத் தொடங்கிட்டான்னு அர்த்தம். பைய பிள்ளைகளக் கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுக்கு நடையக் கட்டிருவேன். மத்த பொம்பளைய வானத்தப் பாத்து மழை வருமான்னு சொல்லுவாளுவ, நான் அந்த நாடியப் பாத்துச் சொல்லுவேன்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கும்போது பேச்சியக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "உங்க அப்பா தாடி அப்படியில்லட்டி" என்றார். "அது சாதுத் தாடி."

எங்கள் வேதியியல் டீச்சர் தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் பிறந்தவர். அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஒருமுறை தாடியோடு இறங்கி வந்தபோது பிள்ளை அலறிக்கொண்டு ஓடிவிட்டதாம். "பிள்ளைய விடு. எனக்கே வேத்தாள் வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சு. காபிய கையில குடுக்காம மேசையில வச்சிட்டு வந்துட்டேன். மறுநாள் அவர் மழிச்சதுக்கப்புறந்தான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்" என்றார். இதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று பாடம் ஏறவில்லை. மழிக்கிற அந்த மறுநாள் வராமலே போனால் ஒரு பெண் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான், தாடியைக் கம்ப்யூட்டரில் எடுக்க முடியும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னபோது சரி என்றேன். இரண்டையும் போடச் சொன்னேன்.

இன்று சாயங்காலம் கவரை அம்மாவிடம் கொடுத்தேன். தாடி இல்லாத படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"இது யாருட்டி?" என்றாள்.

"அப்பாதாம்மா."

"உங்க அப்பா இல்ல. நாடி இப்படி மழமழன்னா இருக்கும்? எவன் நாடியையோ கொண்டுவந்து ஒட்டிருக்கான்."

படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு, நான் கேட்காமலே, அம்மா சொன்னாள்.

"உனக்கு நாலு வயசு. எனக்கு ஏழாம் மாசம். உங்க அப்பா தாடி விட்டிருந்தாவ. பிள்ள பொறந்ததும் எடுக்கணும். பிள்ள மூச்சில்லாம வந்துச்சு. ஆம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரிலேருந்து நான் வீட்டுக்கு வந்தா, வாசல்ல தாடியோட நிக்காவ. எடுத்துருங்கன்னு சொல்ல வாய் வரல. எடுத்துட்டா பிள்ள இல்லன்னு ஆயிரும்லா? ஞாயித்துக்கெழம வெந்நி போட்டு, கண்ணாடிய எடுத்து வச்சிருவேன். அந்தத் தண்ணில முகத்த மட்டும் கழுவிட்டுப் போயிருவாவ. அப்புறம் வெந்நி வைக்கதையும் விட்டுட்டேன்."

"அப்பா ஏன் எடுக்கலம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்காவ வச்சிருந்தாவளா, பிள்ளையப் பெத்துக் குடுக்கலன்னு என்மேல உள்ள கோவத்துல வச்சிருந்தாவளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்ல ஒவ்வொருத்தியும் எத்தன மாசம்னு கேப்பா. தெனமும் அந்த மூஞ்சிக்கு நேர சோறு போடணும்."

"ஒரு தடவ கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டு, ஆமா கோவந்தான்னு சொல்லிட்டாவன்னா?"

அப்பா, அம்மா சாப்பாடு பரிமாறும்போது உங்கள் இலையை மட்டும்தான் பார்ப்பாள். அதை நான் கூச்சம் என்று நினைத்திருந்தேன். நேரம் வரவில்லை என்று நீங்கள் சொன்னதை இப்போது எத்தனை விதமாக வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் உறுதியாகவில்லை. அடுக்களை வாசல் வரைக்கும் போன அன்று நீங்கள் சொல்ல வந்தது என்ன? அந்தக் குழந்தையை நீங்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அம்மாதான் முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தீர்களா? கோபம் இல்லை என்று என்னால் நம்ப முடிகிறது. நீங்கள் என் தலையில் கை வைத்த விதம் எனக்குத் தெரியும். ஆனால் என் நம்பிக்கை அம்மாவுக்கு எதற்கு ஆகும்? அது உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நான் தாடி இல்லாத படத்தைக் கையில் எடுத்து, ஸ்டூடியோவில் சொல்லி வேறு மாதிரி திருத்தித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். தாடி உள்ளதையே மாட்டு. எவனோ ஒருத்தனுக்கு நான் விளக்கேத்த முடியாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "இங்கன மாட்டாத, அடுப்படிலேருந்து நேராத் தெரியும். நீ படிக்கிற ரூம்ல மாட்டிக்க" என்றாள்.

அப்படியே செய்தேன். நாளைக்கு அத்தை வந்து, படத்தை ஏன் உள்ளே வைத்தீர்கள் என்று சத்தம் போடுவாள். நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா பதில் சொல்லும்படி விடமாட்டேன்.

இந்தத் தாடியைத்தான் நான் உங்கள் அன்பு என்று இத்தனை வருடம் பிடித்து விளையாடியிருக்கிறேன். இதே தாடிக்கு முன்னால்தான் அம்மா இத்தனை வருடம் குற்றவாளி போல நடமாடியிருக்கிறாள். இரண்டும் ஒரே முகத்தில் இருந்திருக்கின்றன. இதில் எதை விட்டுவிட்டு உங்களை நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பா.

படத்தை மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கியபோது அம்மா வாசலில் நின்றாள். படத்தைப் பார்க்கவில்லை. கிட்ட வந்து என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என் மோவாயின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறேன், பெரிதாக நினைத்ததில்லை.

"இங்கனதான்" என்றாள் அம்மா. விரல் அந்தக் குழியில் சரியாகப் பொருந்தியது. "அவியளுக்கும் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல, மழிச்சிட்டு வந்தா நான் முதல்ல பாக்குறது இதத்தான்."

விரலை அவள் எடுக்கவில்லை. நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் மகள்