மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள், அப்படியே இருங்கள். 'இங்கே' என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். சரிபார்த்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்ன உன் விண்ணப்பம் வந்தது. பயிற்சி முடித்த டாக்டர்கள் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத்தான் அங்கே வேலையில் சேரலாம் என்ற விசா விதியிலிருந்து விலக்குக் கேட்டிருக்கிறாய், பதிலுக்கு அந்த நாட்டிலேயே டாக்டர் கிடைக்காத சிற்றூர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை. நல்ல ஏற்பாடுதான். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு மாதம் விட்டிருந்தாய், திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் 'என் பெற்றோர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், என் உதவி அவர்களுக்குத் தேவையில்லை' என்ற வரிக்கும் டிக் போட்டுவிட்டேன். அடுத்த பக்கம் போன பிறகுதான் உறைத்தது.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஐந்து மாதமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். வீடியோவில் குளிர் என்று சால்வை போர்த்திக்கொள்வது கையில் ஊசி போட்ட இடத்தை மறைக்க. டாக்டரான உன்னையே ஏமாற்றினோம். ஜன்னலோரக் கட்டிலில் அவள் நான்கு மணி நேரம் படுத்திருப்பாள், நான் நாற்காலியில். அளவுக்கு மேல் தண்ணீர் குடித்ததை மறைப்பாள், "பொய் சொல்லாதீங்கம்மா, வெயிட் மிஷின் சொல்லிடுச்சு" என்று நர்ஸ் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. பேப்பரை இரண்டு தடவை படிக்கிறேன், ஒன்றும் நிற்பதில்லை. அந்த வரியை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "பேசாம கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, வாத்தியார் வேலைய இதுலயும் காட்டாதீங்க, அவ வந்து எனக்குப் பதிலா படுத்துக்கப் போறாளா?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் எல்லாம் உண்மை என்று நீ உறுதி கொடுக்கிறாய். விடை சரியாக வந்தும் வழி தப்பாக இருந்தால் நான் மதிப்பெண் போட்டதில்லை, நீ என் வகுப்பில் இருந்தபோதும்தான்.

வா என்று எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. வந்தால் மாப்பிள்ளை அங்கே, நீ இங்கே, பேத்தி யாரிடம் என்பதையும் யோசி. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்த ஊரில் இருந்தாலும் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பம் இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. மற்ற பக்கங்களில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. அதற்கு மேலே இடம் இருக்கிறது, அங்கே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ எழுதிக்கொள்.

ஆசிகளுடன்,
அப்பா