மணல் மாற்றாத தொட்டி

இன்று காலை எதிர் வீட்டில் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இட்டிருந்தார்கள். ஈரம் காயாத மண் வாசனை என் வாசல் வரை வந்தது. மார்கழி வெள்ளி, பொங்கல் நெருங்குகிறது என்று மற்றவர்களுக்கு மனசு குளிர்ந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். செத்துப்போனவளைத் திட்டக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு ஒரே ஆய்வகத்தில் குப்பை கொட்டியவர்கள் இல்லை.

வடமதுரைக்குப் போகும் வழியில், மூடிப்போன தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த ஊருக்கு நாம் முதலில் போனது தண்ணீரில் உப்பைச் சோதிக்கத்தான். ஊரில் இரண்டு போர் கிணறுகள். உப்புக் கரிக்கிறதைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, இனிக்கிறதைக் குடித்தார்கள். நாமும் அதைத்தான் வாங்கிக் குடித்தோம். கல்லூரிக்கு வந்து சோதித்தால், இனித்த தண்ணீரில்தான் ஆர்சனிக் விஷம். நிறம் இல்லை, வாடை இல்லை, நாக்குக்கும் தெரியவில்லை. கண்டதையும் கொட்டித் தோலைப் பதனிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனவர்கள் எங்கோ சௌக்கியமாக இருப்பார்கள் என்று நான் கத்தினேன். "கத்துனா தண்ணி சுத்தமாகுமாடி?" என்று கேட்டுவிட்டு நீ வேலையைத் தொடங்கினாய்.

நீ செய்த மணலை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது. இரும்புத் துருவை நானோ அளவுக்கு, கல்லூரி மைக்ராஸ்கோப்பில்கூடத் தட்டுப்படாத துகளாக ஆக்கி, ஆற்று மணல் மேல் பூசி உலையில் சுட்டாய். தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது ஆர்சனிக் துருவில் ஒட்டிக்கொண்டுவிடும். ஊர்ப் பெண்களை உட்கார வைத்துச் சொன்னாய்: "இது சலிக்கிறது இல்லக்கா. சேலையில நாயுருவி ஒட்டுமில்ல, அந்த மாதிரி ஒட்டிக்கிரும். துகளு சின்னதா ஆக ஆக ஒட்டுறதுக்கு எடம் கூடும். அம்புட்டு எடமும் நெறஞ்சு போச்சுன்னா மணலை மாத்திறணும்."

அந்த மணலை நிரப்பி ஊரில் கட்டிய தொட்டியின் திறப்பு விழாவுக்கு, பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து கார்கள் வந்தன. நிலக்கோட்டை மல்லிகையில் தொட்டிக்கே ஒரு மாலை. இனிமேல் மணலை யார் மாற்றுவது, விஷம் ஏறிய பழைய மணலை எங்கே கொண்டுபோவது என்று மேடைக்கு முன்னால் எழுந்து கேட்டேன். நீ என் கையைக் கிள்ளி உட்கார வைத்தாய்.

முதல் தடவை மணல் மாற்ற வந்த காண்டிராக்டர் பழையதைத் தொட்டியடியிலேயே கொட்டிவிட்டுப் போனான். அதுவும் பொங்கலுக்கு முந்தின வாரம். செக்கச் செவேலென்று, ஒரு கல் இல்லாமல் மண் குவிந்து கிடந்தால் நம் பெண்கள் விடுவார்களா? ஆளுக்கொரு கூடை அள்ளிப்போய்க் கரைத்து, பொங்கலன்று தெரு முழுக்கக் கோலத்துக்குச் செம்மண் கட்டிவிட்டார்கள். தண்ணீரிலிருந்து நீ பிடித்து வைத்த விஷம் வாசலுக்கு வாசல் வந்துவிட்டது. பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள்.

நீ மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றைக் கையில் எடுத்தாய். தண்ணீர் தெளித்து வீடு வீடாகக் கூட்டிச் சாக்கில் அள்ளினாய். கோடி வீட்டுத் தனம் அக்கா அழுதே விட்டார். "நல்ல நாளும் அதுவுமா வாசக் கோலத்தக் கூட்டுறீகளே, இது வெளங்குமா?"

"என்னைய எம்புட்டு வேணாலும் வஞ்சுக்கங்கக்கா. முதல்ல பிள்ளைக கையக் கழுவி விடுங்க" என்றாய்.

காண்டிராக்டரை நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனில் அவனைக் கிழித்தபோது, "அவனுக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று அவனுக்கு வக்காலத்து வாங்கினாய். உன் பொறுமையைப் பார்த்து அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

பிறகு திட்டக் காலம் முடிந்தது என்று நிறுவனம் கையைக் கழுவியது. ஊராட்சியில் நிதி இல்லை என்றார்கள். அப்போதும் நீ சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஆய்வகத்துக்கு வந்து நீயே மணலைச் சுட்டாய். சாக்கை வடமதுரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் நீயே மாற்றினாய். பழையதை சிமெண்டில் குழைத்துக் கட்டியாக்கி வைத்தாய். சத்தமில்லாமல் நீ செய்துகொண்டே இருந்ததால், அது இன்னாருடைய வேலை என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. போன வருஷம் மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போய்விட்டாய்.

இரங்கல் கூட்டத்தில், திட்டத்தை மூடிய அதே நிறுவனத்து மனிதர் உன்னைத் தண்ணீர் தேவதை என்று பேசிக் கைதட்டு வாங்கினார். தொட்டியில் உன் பெயரை எழுதினார்கள். மணலை மாற்றவில்லை. நீ சுட்டு வைத்திருந்த கடைசிச் சாக்கை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்குள் ஆய்வகத்தை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள், உலையும் போய்விட்டது. போன வாரம் சோதித்துப் பார்த்தேன். உன் மணலில் இடம் நிறைந்துவிட்டது. உன் பெயருக்குக் கீழே இருக்கும் குழாயில் ஆர்சனிக் வருகிறது. ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சொன்னால், "தண்ணி கண்ணாடி மாதிரி வருது டீச்சர், எதுக்கு ஊர்ல பீதியக் கெளப்புறீக?" என்கிறார்.

ஆறிப்போன காபியோடு இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பஸ் ஏறிப் போனேன். தொட்டியின் வால்வை மூடி, சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

குடங்களோடு வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த டீச்சர் இருந்தா இப்பிடிப் பண்ணுவாகளா?" என்றார் தனம் அக்கா.

"பண்ண மாட்டா. அதான் நான் பண்றேன். மணல் நெறஞ்சு போச்சுக்கா, இது வெசத் தண்ணி. குடத்த வீட்டுக்குக் கொண்டு போகாதீக, ரோட்டுக்குக் கொண்டு வாங்க."

 அவர் போய் மெயின் ரோட்டின் நடுவில் தன் குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள். பஸ்கள் வரிசைகட்டி நின்றன. விஷம் வந்துகொண்டிருந்தவரை எட்டிப் பார்க்காதவர்கள், தண்ணீர் நின்றதும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மதியத்துக்குள் டேங்கர் லாரியும் வந்தது.

"யாரும்மா பூட்டுனது? சாவியக் குடுங்க" என்றார் அதிகாரி. புது மணலும், பழையதை அள்ளிப் போக வண்டியும் வந்து நிற்கட்டும், அப்போது திறக்கிறேன் என்றேன். கேஸ் போடுவேன் என்றார். போடுங்கள் என்றேன்.

நீயாக இருந்தால், பாவம் அவரும் என்ன செய்வார் என்று சாவியைக் கொடுத்திருப்பாய். எனக்கு அந்த நல்ல மனசு கிடையாது. உன் மணலுக்குக் காவலாக ஒரு பொல்லாதவள் தேவைப்பட்டாளடி. அது நீ இருக்கும்போதே நானாக இருந்திருக்க வேண்டும், நீதான் விடவில்லை. இப்போது கையைக் கிள்ளி உட்கார வைக்க நீ இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.