அனுமதியின் பேரில் குடியிருந்தவன்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? ஒரு வரி எழுதிப் போட்டால் விரலா தேய்ந்துவிடும்?

இந்தப் பெண்கள் விடுதியைப் புது நிர்வாகம் எடுத்துக்கொண்டது. வார்டனாகச் சின்ன வயதுப் பெண்தான் வேண்டுமாம். ஜூன் மாதத்தோடு எனக்கு வேலையும் கிடையாது, இந்த அறையும் கிடையாது. இனிமேல் என் வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? உனக்கு வேலை போய் நின்றபோது, சும்மா கிடக்கிற வீடுதானே, வந்து இருங்கள் என்று கூப்பிட்டவளும் நான்தான். இப்போது திருப்பிக் கேட்க நாக்கு கூசுகிறது. ஆனால் உன் வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒரே அடுப்படி ஒத்துவராது என்பது ஊருக்கே தெரியும். மே மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள், கண்ணா.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டியை வைத்துக்கொண்டு விடுதி மாடிப்படி ஏறி இறங்காதே. தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

வீடு உன்னுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மே மாதத்துக்குள் முடியுமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு நாங்கள் நகர முடியாத நிலைமை. என்னவென்று கேட்காதே. கொஞ்சம் பொறு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மே 27

தம்பிக்கு,

உன் பதிலுக்குப் பிறகு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் கதையாகிவிட்டது. என்ன நிலைமை என்றும் சொல்ல மாட்டாய், கேட்கவும் கூடாது. நான் என்ன தெருவிலா படுக்க வேண்டும்?

ஒரு வக்கீலைப் பார்த்தேன். என் கடித நகல்களைப் படித்துவிட்டு, "என்னம்மா, காலி பண்ணச் சொல்றீங்களா, தாலாட்டுப் பாடுறீங்களா?" என்று சிரித்தார். நீ என் அனுமதியின் பேரில் இருப்பதால், "இத்தனை வருடம் இருந்தேன்" என்று சொல்லிச் சொந்தம் கொண்டாட முடியாதாம். ஆனால் அந்த அனுமதியை நான் கறாராகத் திரும்பப் பெற வேண்டுமாம். அதற்குப் பிறகும் இருந்தால், வீட்டை நீ சட்டவிரோதமாக அனுபவிப்பதாக ஆகுமாம். வீட்டையும் கேட்டு, நீ இருந்த காலத்துக்கு நஷ்ட ஈடும் கேட்டு வழக்குப் போடலாமாம். ஆனால் அது முடிய வருடக் கணக்காகலாம் என்றார். ஜூலையில் நான் எங்கே போவது என்று கேட்டேன். அவர் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

ஆகவே எழுதுகிறேன். உனக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறேன். ஜூன் மாதக் கடைசிக்குள் காலி செய்.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் அழுதேன். அதையும் நீ தெரிந்துகொள்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

திங்கட்கிழமை நீ பெட்டியோடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஆளை வைத்துப் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டாய். எங்கள் பாத்திரம், துணி எல்லாவற்றையும் கட்டி வராந்தாவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாய். விடுதியில் காலி செய்யாத பெண்களுக்கு நீ செய்வது அதைத்தானே?

நாங்கள் எங்கே போயிருந்தோம் என்று கேட்டாயா? ஆஸ்பத்திரிக்கு. அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். அன்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, நீ திரும்பி வரும்வரை அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். நீ வந்தாய். எங்களைப் பார்த்தாய். "நாடகம் போடாதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாய்.

நானும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். நீதிமன்றத்தில் பார்க்கலாம்.

தம்பி


செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நீதிமன்றத்தில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வீடு யாருக்குச் சொந்தம் என்று நீதிபதி கேட்கவே இல்லை. சொந்தக்காரியாகவே இருந்தாலும் சட்டப்படி அல்லாமல் ஒருவரை வெளியே தள்ளக்கூடாது என்றார், சாவியை உன்னிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். இப்போது விடுதிச் சமையல்காரம்மா வீட்டில் ஒரு ஓரத்தில் பாய் போட்டிருக்கிறேன்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அன்று படியில் உன் வீட்டுக்காரி முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை. விடுதியில் ஆயிரம் காய்ச்சல், ஆயிரம் மயக்கம் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு மரத்துவிட்டது. ஆனால் நீ ஏன்டா சொல்லவில்லை? கட்டி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், சமையல்காரம்மா வீட்டு ஓரத்துக்கு ஜூனிலேயே வந்திருப்பேனே!

வீட்டைத் திரும்பக் கேட்டு முறைப்படி வழக்குப் போடலாம், நிச்சயம் ஜெயிக்கும் என்கிறார் வக்கீல். காகிதம் கையெழுத்துக்கு வந்து கிடக்கிறது. நான் போடவில்லை. அவளுக்கு உடம்பு தேறும்வரை இருங்கள். அதற்கு மேலும் இருங்கள். ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க விடு.

உன் அக்கா


நவம்பர் 15

அக்காவுக்கு,

இத்துடன் வீட்டுச் சாவி. நேற்று காலி செய்துவிட்டோம்.

வீடு எனக்கு வேண்டும் என்று நான் வழக்குப் போடவில்லை. அது உன் வீடு. வெளியே துரத்தப்பட்டவளாக அவள் கடைசிவரை இருக்கக்கூடாது, அந்த வாசல் வழியாக ஒரு தடவையாவது உள்ளே நுழைய வேண்டும், அதற்காகத்தான் போட்டேன். நுழைந்தாள். இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினாள். பிறகு அவளே, போகலாம் என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "உங்க அக்கா முன்னாடி நான் இரக்கத்துக்கு நிக்க மாட்டேன்"னு சொன்னாள். நீயும் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாய். நீங்கள் இருவரும் ஒரே மாதிரி.

வீட்டுக்கு நான்தானே வயரிங் செய்தேன், அதனால் சொல்கிறேன். குளியலறை ஹீட்டரைப் போட்டால் சமையலறை விளக்கு மங்கும். பயப்படாதே. மழை நேரத்தில் பின்பக்க சுவிட்சைத் தொடாதே. வேறு ஆளைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்.

அவளுக்கு நோய் திரும்பியிருக்கிறது. எவ்வளவு நாளோ தெரியாது. நாங்கள் இருக்கும் இடத்தை எப்படியும் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவாய், எனக்குத் தெரியும். வராதே அக்கா. நீ வந்து நின்றால் எனக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. உள்ளே கூப்பிட்டுவிடுவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

தம்பி