நடுவர் பெயர்: அப்துல் கையூம்

1982 ஜூன் 20, ஞாயிறு

அரிசி, பால், மண்ணெண்ணெய் எழுதியாயிற்று. கணக்கு சரியாக வருகிறது. வீடுதான் சரியாக இல்லை.

இன்று என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல், "போதும்." இரண்டாவது கரண்டி சோறு போடப் போனபோது. அதையும் வரவில் எழுதினேன். பைத்தியக்காரத்தனம்தான். என் மகள் ஷரீபா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு இந்த வீட்டுக்கு வேறென்ன வரவு?

ஜூன் 24, வியாழன்

முதல் நோன்பு. விடியுமுன் சஹருக்கு எழுப்பினேன், எழுந்தார், சாப்பிட்டார். பள்ளிவாசலில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவதில்லை. நேரே வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்ப் படகு நிழலில் உட்கார்ந்துகொள்கிறார்.

மீன்காரி கன்னியம்மாள் வாசலில் நின்று சொன்னாள்: "பாயம்மா, நேத்து தண்ணி காலை நனைக்கிற எடத்துல ஒக்காந்திருந்தாரு. கூப்பிட்டா திரும்பல. பாத்துக்கோ."

எப்படிப் பார்த்துக்கொள்வது? கட்டியா வைக்க முடியும்?

ஜூன் 29, செவ்வாய்

பலராமன் வந்திருந்தார். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர் திருநாளுக்கு உப்பளம் மைதானத்தில் பெத்தாங் போட்டி. பிரான்ஸ், ரெயூனியன், மொரீஷியஸ் மூன்று இடத்திலிருந்தும் அணி வருகிறதாம். நம் ஊர் அணிக்குப் பலராமன்தான் தலைவர். இவரும் ஆட வேண்டும் என்று கேட்க வந்தார்.

ஒரு சின்ன மரக்குண்டை எறிவது, அதற்குக் கிட்டே யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஆட்டம் இவ்வளவுதான். இதற்காகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த காலம் தொட்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தவர் இவர். ஷரீபாவுக்கு மூச்சு இழுத்தபோதும் மைதானத்தில்தான் இருந்தார். ஆள் அனுப்பினோம். வெறும் காய்ச்சல்தானே என்று ஆட்டத்தை முடித்துவிட்டு வந்தார். வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று பரணில் ஏறிய குண்டுகளை அவர் இன்னும் தொடவில்லை.

பலராமன் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். "பாய், நீ இல்லாம ஆடுனா அது உப்பில்லாக் கஞ்சி" என்று சிரிக்கப் பார்த்தார் பலராமன். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சிரித்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவரும் போனார். போட்டி விதிகளைத் தமிழில் சைக்ளோஸ்டைல் அடித்த தாள்களை விட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 2, வெள்ளி

எழுத்து என்று எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். பள்ளிக்கூடம் போகாமல், கடலை மடித்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். விதிகளையும் படித்தேன்.

அணிக்கு மூன்று பேர் ஆட, ஒருவர் மாற்று. குலுக்கலுக்கு முன்னால் பெயர் தர வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நேரம் தவறி வந்தால் எதிர் அணிக்குப் புள்ளி. ஒவ்வொரு அணியும் ஒரு நடுவரைத் தர வேண்டும். அவர் ஆடக் கூடாது, தன் ஊர் ஆட்டத்துக்கு நிற்கவும் கூடாது. அன்றைக்கு நடுவர் வராவிட்டால் அவருடைய அணியும் இல்லை.

அப்புறம் இது: "நடுவர் தீர்ப்பை இரண்டு அணித் தலைவர்களின் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையால் காட்டினால் செல்லாது."

வாய்விட்டு. இந்த வரியில் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் தம்பி அன்வருதீன் வந்தான். அவனும் அணியில் இருக்கிறான். நடுவராக யாரும் அகப்படவில்லையாம். பிரெஞ்சு தெரிந்தவன் எல்லாம் ஆடத்தான் ஆசைப்படுகிறான் என்றான்.

மச்சான் பேரை எழுதிக்கோ என்றேன்.

"மச்சான்கிட்ட கேட்டியாக்கா?"

"கேட்டாச்சு."

நோன்பு வாயால் பொய் சொன்னேன்.

ஜூலை 3, சனி

சொன்ன பொய்க்கு அல்லாஹ்விடம் தவ்பா கேட்டேன். மனசு ஆறவில்லை. ஆனால் பேரை எடு என்று தம்பியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஜூலை 7, புதன்

நேற்று குலுக்கல் முடிந்து பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பள்ளிவாசலில் யாரோ இவர் கையைப் பிடித்து வாழ்த்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்றார்.

"ஏன்?"

நீங்க பேசணும்னுதான் என்று சொல்லியிருக்கலாம். அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். செருப்பைக்கூடப் போடாமல் போனார்.

நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லியாயிற்று. பேரீச்சம்பழம் தட்டில் அப்படியே இருக்கிறது. வரவில்லை. அன்வரை வைத்திக்குப்பத்துக்கு ஓடச் சொன்னேன். என்னத்தப் பண்ணி வச்சேன் நான் — யா அல்லாஹ், நான் என்னத்தப் பண்ணி வச்சேன் — அமைதியாத்தான இருந்தாரு, அப்படியே விட்டிருக்கக் கூடாதா — வாயத் தொறக்க வைக்கிறேன்னு கடல்ல தள்ளிட்டேனா? கேஸ் லைட்டை எடுத்துக்கிட்டுக் கன்னியம்மாள் வூட்டுக்காரரும் போயிருக்காரு. ஒக்கார முடியல. அதான் எழுதறேன்.

ஜூலை 8, வியாழன்

வந்துவிட்டார். முழங்கால் வரை ஈரம், மணல். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பேரை எடுத்துவிடு என்று அன்வரிடம் அழுதேன். எடுக்க முடியாதாம். "மச்சான் வரலன்னா நாங்க நாலு பேரும் வேடிக்கதான் பாக்கணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஜூலை 13, செவ்வாய்

நாளை போட்டி. அவரைப் பேச வை என்று கேட்ட துஆவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்தால் போதும், ஊமையாகவே இருக்கட்டும்.

ஜூலை 14, புதன்

போனார்.

காலையில் பலராமன் தெருவில் வந்து நின்றார், கூப்பிடவில்லை. இவர் வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் நடந்த ஆட்டத்தில் நின்றாராம். முதல் தீர்ப்பு யாருக்கும் கேட்கவில்லை. மொரீஷியஸ்காரர் காதில் கையை வைத்துக் காட்டினாராம். இன்னொரு தரம் சொல்லியிருக்கிறார். அது ரெயூனியனுக்கு எதிரான தீர்ப்பு. வீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் கஞ்சியைக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்று என்பதுபோல் கிண்ணத்தை நீட்டினார்.

ஜூலை 15, வியாழன்

நம் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே ரெயூனியன். அந்த ஆட்டத்துக்கு நிற்க வேண்டிய பிரான்ஸ் நடுவர் நண்டுக் குழம்பை ஆசையாகத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு தலைவர்களும் சம்மதித்தால் உள்ளூர் நடுவரே நிற்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது. ரெயூனியன் தலைவர் இவரைக் காட்டினாராம், நேற்று தனக்கு எதிராகச் சொன்ன ஆள்தான் வேண்டும் என்று. நம்ம பாய்தானே என்று பலராமனுக்கு ஒரே குஷி.

அன்வர் வந்து மூச்சு வாங்கச் சொன்னதை எழுதுகிறேன். பதின்மூன்று எடுத்தால் வெற்றி. இரண்டு பக்கமும் பன்னிரண்டு. கடைசிக் குண்டு பலராமன் போட்டது. பார்த்தால் இரண்டு குண்டும் ஒரே தூரம். இவர் மண்டியிட்டு அளவு நாடா பிடித்தார், மறுபடி பிடித்தார். எழுந்தார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

"ரெயூனியன்."

பிரெஞ்சில் ஒரு முறை. தமிழில் ஒரு முறை, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி.

அன்வர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

ஜூலை 16, வெள்ளி

"பென்சன் எவன் குடுக்கறானோ அவனுக்குத்தான புள்ளி." ஜும்ஆவுக்குப் போகும்போது டீக்கடையிலிருந்து எவனோ சொன்னானாம். ரெயூனியன் பிரெஞ்சுக்காரன் தீவு, இவருக்குப் பென்சன் தருவதும் பிரெஞ்சுக்காரன். இவர் நின்று கேட்டுவிட்டு நடந்தாராம். இப்போது நானும் சேர்ந்து இவரைக் கொன்றுவிட்டேன். ஊரோடு இருந்த கொஞ்ச உறவையும் அறுத்தவள் நான்தான்.

ஜூலை 17, சனி

கடல் பக்கம் போகவில்லை. முற்றத்தில் நடக்கிறார். அதுவும் பயமாக இருக்கிறது.

ஜூலை 18, ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு பலராமன் வந்தார். வாசலுக்கு வருமுன்பே சத்தம். தெரு முழுக்கக் கதவு திறந்தது.

ஊரையே தலைகுனிய வைத்துவிட்டாய் என்றார், நாடாவைத் தளர்த்திப் பிடித்தாய் என்றார், பட்டாளத்துச் சோறு பேசுது என்றார். இவர் நிலைப்படியில் நின்றார். நான் திரைக்குப் பின்னால் கைகளை இறுக்கிக்கொண்டு நின்றேன். இதோ, இப்போது கடலுக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"நாடா தளந்துதா? எதிர்ல நின்ன இல்ல, அப்ப சொல்றதுதான?" இவர்தான். இவர் குரல்தான். "உன் குண்டு தள்ளி இருந்துச்சுடா. எறும்பு போற அளவு. ஆனா தள்ளி இருந்துச்சு."

"நம்ம ஊருக்காகப் பாத்திருக்கலாம் பாய்."

"என் ஷரீபா போட்ட குண்டா இருந்தாலும் நான் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அந்தப் பேரை அவர் வாயால் கேட்டு எத்தனை நாள். அவருக்கே அப்போதுதான் உறைத்தது போல. கதவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மெதுவாக, "அவ போட்டிருந்தா ஒட்டி நின்னிருக்கும். உன்ன மாதிரி கோணக் கையா அவளுக்கு?" என்றார்.

பலராமன் செருப்பைக் கழற்றினார். "ஆமாம் பாய். சின்னப் புள்ளையிலயே என்னத் தோக்கடிச்சவளாச்சே," என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாங்கு சொன்னதும் இரண்டு கிண்ணம் கஞ்சி கொடுத்தனுப்பினேன். பலராமனும் குடித்தார். மஃரிப் தொழப் போன மனுஷன் நேரே வீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேசுகிறார். அவள் எப்படிக் காலை ஊன்றுவாள், குண்டை எப்படி விடுவாள், மழை பெய்த மண்ணில் ஆட எப்படி அடம் பிடிப்பாள். எனக்கே தெரியாததெல்லாம் சொல்கிறார்.

மீதியை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். கேட்கப் போகிறேன்.