குண்டனின் காது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், அப்பா பக்கத்தில் இருந்து சிரித்தே என் வாயை அடைத்துவிடுவார், அதனால்தான் கடிதம்.

காணாமல் போன உன் பூனை குண்டன் கிடைத்துவிட்டான் என்று அப்பா போனில் உன்னிடம் சந்தோஷத்தில் குதித்தாரே, அதைப் பற்றித்தான். நீ ஊருக்குக் கிளம்பும் முன் அவன் கழுத்தில் ஊசி போட்டு அடையாள நம்பர் உள்ள அரிசி அளவுச் சிப் ஒன்றை வைக்கச் சொன்னாய் அல்லவா, யாரோ கொண்டுவந்து விட்ட பூனையிடம் அது இருந்தது என்று பூனை டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அந்த நம்பரைப் படிக்கிற கருவியைக் கழுத்தருகே கொண்டுபோனதும் பீப் என்றது, நம்பர் அச்சு அசலாக நம்முடையது. அதே சாம்பல் நிறம், அதே வெள்ளைக் கால். ஆனால் இடது காது முழுசாக இருந்தது. நம்மவனுக்கு அது கிழிந்திருக்கும், நான்தானே மருந்து போட்டேன். பிய்ந்துபோன காது எப்படி வளரும் என்று கேட்டதற்கு அப்பா, "மிஷின் பொய் சொல்லுமா? உனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்கிறார். வந்தவனைக் குறை சொல்ல முடியாது. திருடுவதில்லை, சோபாவைக் கீறுவதில்லை. நான் எதைச் செய்தாலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து பார்க்கிறான்.

போன வாரம் துணி காயப்போடப் போனால் மதில்மேல் இன்னொருவன், எலும்பும் தோலுமாக, காது கிழிந்து. குண்டா என்றதும் ஓடிவந்து எப்போதும் போல என் கால் கட்டை விரலைக் கடித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பையில் போட்டு டாக்டரிடம் தூக்கிப் போனேன். உடம்பெல்லாம் கருவியை ஓட்டினார், சத்தமே வரவில்லை. "இது தெருப்பூனைம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு குண்டன் போதும் என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார். நான் பின்வாசலில் அவனுக்குச் சாப்பாடு வைத்தேன். உள்ளே இருந்தவன் வாலைக்கூட ஆட்டாமல் ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து வெளியே இருந்தவனைக் காணோம். வைத்த சாப்பாடு வைத்தபடி கிடந்தது. இன்று காலை உள்ளே இருப்பவன் வந்து என் கட்டை விரலைக் கடித்தான். குனிந்து பார்த்தால் இடது காது கிழிந்திருக்கிறது. ரத்தம் இல்லை, பல வருஷத்துத் தழும்பாக ஆறிப்போயிருக்கிறது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

அடுத்த மாதம் நீ வரும்போது காலிங்பெல் அடிக்காதே, அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். சின்ன வயதில் கோபம் வந்தால் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாயே, அதைக் கதவுக்கு வெளியே நின்று சொல். முகத்தை மட்டும் பார்த்து நான் திறக்க மாட்டேன். அந்தப் பேரை இதில் எழுதவில்லை, அவன் மேசைமேல் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எங்கே இருந்தாலும் நீ நீயாகவே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா