ஒலிப்பதிவில் இன்னொரு மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

நான் இளைத்துவிட்டதைப் பாவாடை நாடாதான் முதலில் சொன்னது: ஒரு சாண் மிச்சம். சந்தோஷத்தில் கண்ணாடி முன் இரண்டு சுற்றுச் சுற்றினேன். இவர் பார்த்துவிட்டார். "கிழவிக்குக் குஷியப் பாரு" என்றார்.

எல்லாம் என் ஓரகத்தி உபயம். அவள் தினம் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறாள். மிச்ச பதினாறு மணி நேரம் வெறும் தண்ணீர். எடை, ரத்த அழுத்தம் இரண்டும் இறங்கிவிட்டன. கடைசிச் சாப்பாட்டிலிருந்து அரை நாள் போனால் கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரை கரையுமாம். இன்சுலின் தாழும். உடம்பு கொழுப்பை எடுத்துக் கீட்டோன் என்று ஒன்றைச் செய்யும், மூளையே அதில் ஓடுமாம். பள்ளிக்கூடத்தில் படிக்காததை எல்லாம் இப்போது ஒப்பிக்கிறாள்.

நான் அவளை முந்திவிட்டேன். இருபது மணி நேரம். அவளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, எனக்குப் பத்து வருஷமாய் உண்டு. சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளும் புது மாத்திரை ஒன்றைப் போன மாதம் டாக்டர் கொடுத்தார். ஃபாஸ்டிங் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது?

ஸ்டுடியோவில் ஒலிப்புத்தகத்துக்காக நான் வாசிக்கப் புதுப் புத்தகம். பனிக்கடலில் சிக்கிய ஒரு கப்பலின் கதை. தடிமனைப் பார்த்தால் வாசித்து முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

மார்ச் 6, வெள்ளி

பசிக்கு ஒரு ஹார்மோன் இருக்கிறதாம். வழக்கமாய்ச் சாப்பிடும் நேரத்துக்கு அது ஏறும். கண்டுகொள்ளாமல் இருந்தால் தானே இறங்கிவிடும். உண்மைதான். முதலில் ஒரு மணிக்கு டாணென்று வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

இப்போது வருவதே இல்லை. பசியைக் காணோம். நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்த மின்விசிறி நின்றதும் காது தேடுமே, அந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

காலையில் இவர் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தார். "என்னமோ பழம் அழுகிக் கிடக்கு. உனக்கு வாடை வரலையா?"

வரவில்லை. இரண்டு பேரும் தேடினோம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், குப்பைக் கூடையில். வீட்டில் பழமே இல்லை.

"இந்த ரூம்லதான் இருக்கு" என்றார். நான் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்தவர் நின்றுவிட்டார். "இப்ப இங்க வருது."

மார்ச் 11, புதன்

சர்க்கரை மீட்டரில் தொண்ணூற்றெட்டு! பத்து வருஷத்தில் பார்த்ததே இல்லை.

மார்ச் 12, வியாழன்

ஒலிப்பதிவுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'காது'. பக்கத்துக் கட்டிடத்தில் குண்டூசி விழுந்தாலும் "கட்" சொல்லுவார். இன்று கட் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உள்ள நீங்க மட்டும்தான இருக்கீங்க?"

"வேற யாரு இருக்கா?"

"இல்ல... வாக்கியம் முடிஞ்சு நீங்க நிறுத்துறீங்கல்ல, அந்த இடைவெளில இன்னொரு மூச்சு கேக்குது. நீளமா. உங்க மூச்சு எனக்குத் தெரியும் மேடம். இருபது வருஷமாக் கேக்குறேன். இது உங்களுது இல்ல."

மைக்கை மாற்றினார். ஏசியை அணைத்தார். அதற்கப்புறமும் இருந்ததாம். எனக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். "வேணாம் மேடம்" என்றுவிட்டார். கிளம்பும்போது வேறு கேட்டார்: "பழம் ஏதாச்சும் கொண்டு வந்தீங்களா?"

மார்ச் 16, திங்கள்

நேற்று முழு நாளும் சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை. தாகம் மட்டும்தான். சொம்பு சொம்பாய்க் குடித்தாலும் நாக்கு அட்டை மாதிரி.

மத்தியானம் தனியாக இருந்தேன். மேசையில் தலை வைத்திருந்தபோது கேட்டது. நீளமான மூச்சு. இழுத்து, விட்டு, இழுத்து. ஆழமாய். அவசரமே இல்லாமல், பின்னால், மிகப் பக்கத்தில்.

நான் மூச்சை அடக்கினேன். அதுவும் நின்றது.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

வாந்தி. வயிறு பிசைகிறது. இவர் டாக்டரிடம் போகலாம் போகலாம் என்று உயிரை எடுக்கிறார். மீட்டரைக் காட்டினேன் — நூற்றிரண்டு — பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு, எதுக்குப் போகணும்? இன்னும் மூணே அத்தியாயம். நாளைக்கு முடிச்சிடுவேன்.

எழுத்து ஏன் இப்படிக் கோணுது. எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லதானே?

மார்ச் 23, திங்கள்

மருத்துவமனை. பேனா பிடிக்க முடிகிறது.

பத்தொன்பதாம் தேதி எனக்கு நினைவில் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போனது, கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தேனாம்.

டாக்டரம்மா சின்னப் பெண். கட்டிலிலேயே உட்கார்ந்து சொன்னாள். "மீட்டர் பொய் சொல்லலம்மா. அதுக்குச் சர்க்கரை மட்டும்தான் தெரியும். உங்க ரத்தத்துல ஏறினது அமிலம். கீட்டோன் கொஞ்சமா வந்தா ஒண்ணுமில்ல. இந்த மாத்திரையும் போட்டு, நாள் கணக்குல பட்டினியும் கிடந்தா அது கட்டுக்குள்ள நிக்காது. மாத்திரை சர்க்கரையை வெளிய தள்ளிட்டே இருந்ததால நம்பர் மட்டும் அழகா இருந்துச்சு."

பழ வாடை? அந்த இன்னொரு மூச்சு?

"ரெண்டுமே உங்க மூச்சுதான். வாடை நமக்கே தெரியாது, மத்தவங்களுக்குத் தெரியும். அமிலத்தைத் தள்ளத்தான் உடம்பு அவ்வளவு பெரிசா மூச்சு விடுது."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆனாலும் அவள் போன பிறகு வெகு நேரம் என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

காது வந்தார். அன்று நடந்ததைச் சொன்னார். பக்கம் பக்கமாய்ப் பிசிறில்லாமல் வாசித்தேனாம். அவர் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டே வந்திருக்கிறார். திடீரென்று விரலுக்கு வரி கிடைக்கவில்லை. குரல் மாறவில்லை, ஏற்ற இறக்கம் மாறவில்லை, ஆனால் நான் வாசிப்பது புத்தகத்தில் இல்லை.

"என்ன வாசிச்சேன்?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். "'கப்பலில் யாரும் சாப்பிடவில்லை. யாருக்கும் பசிக்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.' இதையே நாலஞ்சு தடவை. அப்புறம் அதே குரல்ல, 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னீங்க. கதவைத் திறந்தேன் மேடம். நீங்க பக்கத்தைத் திருப்பிட்டு இருந்தீங்க."

ஏப்ரல் 9, வியாழன்

மாத்திரையை மாற்றிவிட்டார்கள். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். பாவாடை நாடா பழைய இடத்துக்குக் கிளம்பிவிட்டது.

ஓரகத்தி அழுதுகொண்டே வந்தாள். "நானும் விட்டுடட்டுமாக்கா?" உனக்கு ஒத்துப்போகிறது, நீ எதற்கு விட வேண்டும், டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவை என்றேன். இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டாளாம்.

அந்த ஒலிப்பதிவை நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. இவர் கேட்டிருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் காது போட்டுக் காட்டினாராம். அதைப் பற்றி இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் நான் வேறு அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டால் போதும்.

இன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"என்னம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"இருக்கியா?"